மடித்து வைத்த துண்டு

என் முன்கோபக்கார அண்ணா,

சொன்னால் திட்டுவாய். பாலிடெக்னிக்கை விட்டுவிட்டேன். புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டு, நம்மூர் பெருநகர் பக்கம் புது கரண்ட் லைன் இழுக்கும் கான்ட்ராக்டரிடம் சேர்ந்திருக்கிறேன். அம்மா பேசுவதில்லை. பின்னே, நீ விழுந்து உயிரை விட்ட அதே லைனோடுதானே இதைச் சேர்க்கிறோம்?

நம்மூர் வழக்கம் உனக்குத் தெரியும். கம்பத்தில் ஆள் ஏறினால், டிரான்ஸ்பார்மர் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கைப்பிடியில் துண்டு கட்டுவோம். துண்டு இருந்தால் யாரும் தொடக்கூடாது. அன்றைக்கு நீயும் கட்டினாய். நடவுக்குத் தண்ணீர் இல்லாமல் ஓடிவந்த மணி மாமா, யாரோ மறந்துவிட்டுப் போன துண்டென்று அதை அவிழ்த்து, மடித்து வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டார். மடித்து வைத்தாராம்! ஒரு துணியை நம்பியா உன்னை மேலே ஏற்றினோம்?

இப்போது அந்தக் கைப்பிடிக்குப் பூட்டு. ஒரே சாவி. ஏறுகிற ஆளின் சட்டைப்பையில் இருக்கும். இறங்கி வந்து அவரேதான் திறக்க வேண்டும்.

நேற்று நான் மேலே இருந்தேன். கீழே மணி மாமா.

"இன்னாம்மா, நாத்து பறிச்சு வச்சிக்கினு உக்காந்துகீறேன். சாவிய கீழ போடு!"

"முடியாது மாமா."

"நீ இன்னா கரண்டு ஆபீசரா?"

"எங்கண்ணன் துண்ட நீதான மடிச்ச?"

வயலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வூட்லதான் கீது. குடுக்க மூஞ்சி இல்லம்மா."

ஆனாலும் போகவில்லை. நான் இறங்கும்வரை சுவிட்ச் பக்கத்திலேயே நின்றார்.

அவர் கேட்பதும் நியாயம்தானே அண்ணா? பயிர் காய்ந்தால் எந்தப் பூட்டு நிற்கும்? ஏற்கெனவே எவனோ கல்லால் தட்டிய தழும்பு அதில் இருக்கிறது. அதனால்தான் பக்கத்து ஊரிலிருந்து இன்னொரு லைனைக் கொண்டுவந்து சேர்க்கிறோம். இங்கே நிறுத்தி வேலை பார்த்தாலும், அவர் மோட்டாருக்கு அங்கிருந்து கரண்ட் வரும். நாலு கம்பம் பாக்கி. அதை முடிக்காமல் நான் விடப்போவதில்லை.

முடிந்த அன்றைக்கு மாமா வீட்டுக்குப் போய் உன் துண்டை வாங்கி முகம் துடைத்துக்கொள்வேன். இனி அதை எந்தச் சுவிட்சிலும் கட்ட மாட்டோம். இது சத்தியம்.

தினமும் இறங்கி வந்துவிடுகிற
உன் தங்கச்சி,
கவிதா