எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பெட்டி

6.10.2024

அன்புள்ள சுகுணா மதனிக்கு,

இலக்கியா எழுதுகிறேன். இதை உங்கள் கையில்தான் தரவேண்டும் என்று உங்கள் தங்கை காவ்யாவிடம் பள்ளிக்கூடத்தில் சத்தியம் வாங்கப் போகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அப்பாவின் கட்டில் கிரீச்சிட்டால் டார்ச்சை அணைத்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டு நெட் தினமும் சாயங்காலம் போவது லைன் கோளாறு இல்லை. கேபிள்காரர் ஜெரால்டு அண்ணன் தெருவுக்கே சேர்த்து எங்கள் சுவரில்தானே பெட்டி மாட்டியிருக்கிறார்? கரண்ட் எங்களுடையது என்பதால் சாவியும் அப்பாவிடம். நீங்கள் வேலைக்கு உட்காரும் நேரம் பார்த்து உங்கள் வயரை மட்டும் உருவிவிடுகிறார். விடிந்ததும் சொருகிவிடுகிறார். பகலில் வந்து பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

எங்கள் அருண் அண்ணனுக்கு உங்களைப் பெண் கேட்டு நீங்கள் மறுத்ததுதான் காரணம். "சொந்தத் தாய்மாமன் கேட்டும் மாட்டேங்கிறா. சம்பாதிக்கிற திமிரு. வேலை போகட்டும், தன்னால வருவா" என்று அம்மாவிடம் சொன்னார்.

அப்பா தூங்கியதும் நான் சொருகிவிடட்டுமா? சாவி சட்டைப் பையில்தான் இருக்கும். அவர் எழுவதற்குள் உருவிவிடுவேன்.

பயத்துடன்,
இலக்கியா


8.10.2024

அன்பு இலக்கியா,

பாவம் ஜெரால்டு, எவ்வளவு திட்டியிருப்பேன். "யக்கா, லைன் பளிங்கு மாதிரி இருக்கு. ஒங்க வீட்லதான் காத்துக் கருப்பு ஏதோ அடிச்சிருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனான். அவனிடம் சொன்னால் நேரே மாமா முன்னால் போய் நிற்பான். யார் சொன்னது என்று உன்மேல் விடியும். சொல்லமாட்டேன்.

செல்போன் டவர் நம் தெருவில் எடுப்பதில்லை. திருமயத்தில் அறை எடுத்துத் தங்கு என்கிறாள் கூட வேலை பார்க்கிறவள். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவையும் காவ்யாவையும் விட்டுவிட்டு எப்படிப் போவேன்? இனியும் லைன் அறுபட்டால் வேலை இல்லை என்று கம்பெனியில் எழுதிவிட்டார்கள். கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது மாமா பேச்சு. இந்த வேலை இருக்கும்வரைதான் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியும்.

சொருகிவிடு தங்கம். பாதி ராத்திரி வேலையாவது நடக்கட்டும். வெளிநாட்டுக்காரர்களோடு நெட்டில் பேசுவதுதானே என் வேலை, ஜன்னலைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசுகிறேன்.

அன்புடன்,
உன் மதனி சுகுணா


19.10.2024

மதனிக்கு,

நேற்று ராத்திரி ஏன் சிரித்தீர்கள்? ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு?

வெளியே போக எழுந்த அப்பா காதில் விழுந்துவிட்டது. பெட்டியைப் பார்த்தார். எல்லாரையும் எழுப்பினார். "எவடி சொருகுனது?"

"நாந்தான். ஒரு பொம்பளப்புள்ள பொழைப்புல கைய வைக்காதீங்க" என்றாள் அம்மா. அங்கே கிடந்த மிச்ச வயரை எடுத்தே அடித்தார். அம்மா முதுகில் வரி வரியாக இருக்கிறது. இன்றைக்கு நடவுக்குப் போய்விட்டுத்தான் வந்தாள். நான்தான் என்று நான் சொல்லவில்லை மதனி. கதவுக்குப் பின்னால் நின்றேன்.

இன்று சாவியை என் கையில் கொடுத்தார். "இனிமே சாயங்காலம் நீ உருவு. படிக்கிற புள்ள, ஒனக்கு வயர் மாறாது" என்று சிரித்தார். உருவினேன். உங்கள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

இலக்கியா


21.10.2024

அன்பு இலக்கியா,

புழுக்கம் தாங்காமல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தேன். வெளிநாட்டுக் கிழவர் ஒருவர், புகார் சொல்லக் கூப்பிட்டவர், தன் நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையைச் சொன்னார். திட்டாமல் பேச ஒரு மனுஷர் கிடைத்த சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். உன் அம்மா முகத்தில் இனி எப்படி முழிப்பேன்?

வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மேலதிகாரி வீடியோவில் வருகிறார். வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். உருவுகிற மாதிரி உருவி, திரும்பச் சொருகிப் பெட்டியைப் பூட்டிவிடு. ஒரு மணி நேரம் போதும். வயதில் சின்னவளான உன்னிடம் கெஞ்சுகிறேன்.

சுகுணா மதனி


25.10.2024

மதனிக்கு,

பெட்டியைத் திறந்தேன். உருவினேன். திரும்பச் சொருகப் போனபோது பின்னால் காலடி கேட்ட மாதிரி இருந்தது. பூட்டிவிட்டு உள்ளே ஓடினேன். அப்பா கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பின்னால் யாருமே இல்லை.

அப்போதும் நேரம் இருந்தது. சாவி என் கையில்தான் இருந்தது. அம்மா முதுகு கண்ணுக்குள் வந்தது. என் முதுகும் வந்தது. போகவில்லை.

மொட்டை மாடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீங்கள் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்ததைப் பார்த்தேன். மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். இன்று பள்ளிக்கூடத்தில் காவ்யா என் பக்கத்தில் உட்காரவில்லை.

இலக்கியா


10.11.2024

இலக்கியா,

வேலை போய்விட்டது. லேப்டாப்பைத் திருப்பி அனுப்பியாயிற்று. தீபாவளி கழிந்து மாமா வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார். "என்னத்தா, இப்ப என்ன சொல்றே?" என்றார். அம்மா அழுதாள். நான் தட்டை வாங்கி உள்ளே வைத்தேன். தையில் கல்யாணம்.

அன்று முதல் எங்கள் வயரை யாரும் தொடுவதில்லை. உன் அண்ணன் துபாயிலிருந்து தினமும் வீடியோவில் வருகிறார். ஒரு தடவைகூட அறுபடவில்லை.

நீ சின்னப் பிள்ளை, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

இனிமேல் கடிதம் அனுப்பாதே. ஒரே வீட்டில்தான் இருக்கப் போகிறோம்.

சுகுணா