கேட்டால் பூஜ்யம்

நிலவுக் குடியிருப்பு, மூன்றாம் காற்றுக்கூடம். எழுதுவது பயிற்சியாளர் மரகதவல்லி. யார் கையில் கிடைத்தாலும் முழுதாகப் படிக்கவும்.

நாள் 211, மாலை 4:00
பள்ளி விட்டதும் பட்டறை. வந்தவர்கள் இருவர்: பெனிட்டா, வயது பதினாறு; ருக்சானா, பதினைந்து. காற்றுக் கருவிகளைக் கழற்றி மாட்டப் பழக்குகிறேன். வாரம் ஒரு பழுதை நானே ஒளித்து வைப்பேன். அவர்களே கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். என்னிடம் கேட்டால் மதிப்பெண் பூஜ்யம். அப்போதுதான் பொறுப்பு வரும். இந்த வாரப் பழுதை இன்னும் வைக்கவில்லை, முழங்கால் வலி. அது அவர்களுக்குத் தெரியாது.

நாள் 212, மாலை 4:25
கிடங்கில் ஓட்டை அடைக்கும் தகடு நான்கு குறைகிறது. சுவரில் இருக்கும் அளவுப் பலகையில் காற்றழுத்தம் 100. இவர்கள் குறிப்பேட்டில் 96. பலகையை நம்பாதே, கையில் பிடிக்கும் அழுத்தமானியை வைத்துப் பார் என்று சொல்லிக் கொடுத்தவளே நான்தான். ஆனால் இவர்கள் அளந்த மாதிரித் தெரியவில்லை, வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறார்கள். நான் போனதும் பேச்சை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார்கள். காது அடைக்கிறது. சளியாக இருக்கும்.

நாள் 213, மாலை 4:10
ஆக்சிஜன் குடுவை ஒன்றைக் காணோம். தகடு இன்னும் ஆறு போய்விட்டது. பட்டறை வேலை என்கிறாள் பெனிட்டா, முகத்தில் ஒரு கள்ளத்தனம். புரிந்துவிட்டது. திருட்டுத்தனமாக வெளியே நிலவில் நடக்கப் போகிறார்கள். என்னிடமா? கிடங்கைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். அது ஐந்தாம் வாரப் பயிற்சியில் பெனிட்டாவே செய்த பூட்டு. நூற்றுக்கு நூறு போட்டிருந்தேன்.

நாள் 214, மாலை 3:52
கூடத்தின் கதவு தானாக மூடிக்கொண்டது. அழுத்தம் 80க்குக் கீழே போனால்தான் அப்படி மூடும். உள்ளே இருவரும், வெளியே நான். கிடங்கும் உள்ளேதான். வானொலியில் பெனிட்டா:
"மிஸ், பூஜ்யம் போட்டாலும் பரவால்ல, கேட்டுடுறேன். மூணு நாளா அடைச்சிட்டே இருக்கோம், ஓட்டை பெருசாயிட்டே போகுது. நீங்க இந்த வாரம் வச்ச டெஸ்ட் ரொம்பக் கஷ்டம். தகடு தீந்துருச்சு, எடுத்த ஆக்சிஜனும் காலி. கிடங்குச் சாவி எங்க மிஸ்?"
சாவி என் கையில் இருக்கிறது. பலகையில் இன்னும் 100. பலகைதான் செத்துப் போயிருக்கிறது.

3:58
இந்தக் கதவை மீட்புக் குழுவால்தான் திறக்க முடியும்; அவர்கள் வர நாற்பது நிமிடம். உள்ளே காற்று இருபது நிமிடத்துக்கு. பூட்டை உடைக்கச் சொன்னேன். இந்தப் பிள்ளைகளைத் திருடிகள் என்று எழுதியவள் நான். வெட்கமாக இருக்கிறது.

4:09
"உடைய மாட்டேங்குது மிஸ். நல்லாவே செஞ்சு வச்சிருக்கேன்."
சொல்லிவிட்டுச் சிரித்தாள். மூச்சு வாங்குகிறது.

4:13
ருக்சானா: "மிஸ், இது டெஸ்ட்தானே? கடைசில நீங்களே கதவத் திறந்துருவீங்கல்ல?"
கேட்டால் பதில் சொல்லாதவள் நான். உண்மையைச் சொன்னால் பயத்தில் இன்னும் வேகமாக மூச்சு வாங்கும். மறைத்தால் என்னை நம்பிக் கை ஓய்ந்து உட்கார்ந்துவிடுவாள்.

4:14
சொல்லிவிட்டேன். நான் வைத்ததில்லை, கண்ணு. அடிங்க. நிறுத்தாம அடிங்க.
இரண்டு சுத்தியல்களின் சத்தம் கதவு வழியாகக் கேட்கிறது.

4:17
கேட்கிறது.

4:19
ஒரு சுத்தியல்தான்