பியானோவுக்குக் கிடைத்த பாராட்டு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் சுருதி சேர்த்துக் கொடுத்த பியானோவில் எங்கள் ஸ்டுடியோவின் பியானோ கலைஞர் அம்மா வாசித்த செக் நாட்டு இசையின் இசைத்தட்டுக்குப் பத்திரிகையில் விமர்சனம் வந்துவிட்டது. அவர் வாசிப்பில் உயிர் குறைவாம்; பியானோவின் நாதம் மட்டும் அபாரமாம். அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று தயங்கியபடியே ஸ்டுடியோவுக்குப் போனேன். அவரோ அந்த வரியை எல்லோருக்கும் படித்துக் காட்டினார்.

"என்னைத் திட்டினா திட்டட்டும். பதிவு அன்னைக்குப் பியானோ கம்பி அறுந்தப்ப இந்தப் பொண்ணு சாப்பிடாம உட்கார்ந்து சரிபண்ணா. அடுத்த தட்டுல இவ பேரும் வரணும்" என்றார்.

(சாப்பிட்டேன் அப்பா, கொஞ்சம் தாமதமாக.) நான் கைகூப்பினேன். அவர் நன்றாக இருக்கவேண்டும்.

ஃபோனில் பேசும்போது எனக்காக டிவியை அணைக்காதீர்கள். அம்மா பாத்திரம் கழுவும் சத்தமும் கேட்கட்டும்; நம் வீட்டில் இருப்பதுபோலவே இருக்கும். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்