பத்மாவின் சப்பாத்து

மஹியாவ, கண்டி
03.05.2024

என் அன்புள்ள பத்மா,

மைத்துனரை இழந்த துக்கத்தில் இருக்கும் உனக்கும், தமையனை இழந்த மயில்வாகனம் அண்ணனுக்கும் ஆண்டவர் ஆறுதல் தரட்டும். கொக்குவிலில் செத்தவீடு முடிந்து நீங்கள் இருவரும் அம்பிட்டிய வந்துவிட்டதாகச் நம் றலியா சொன்னாள். நான் நேரில் வந்திருக்க வேண்டும். பயண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

அந்தப் பயணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் வீட்டில் இப்போது சாவுத் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை நீ கோயில் வாசல் மிதிக்கமாட்டாய் என்பது, ஆசிரியர் அறையில் உன் பக்கத்துக் கதிரையில் இத்தனை வருடம் இருந்த எனக்குத் தெரியாதா? கிரேக்கத்தில் நாம் பார்க்கப் போவதெல்லாம் கோயில்கள்தானே. நீ வெளியே நிற்க நாங்கள் மட்டும் உள்ளே போவதா? உன்னை அந்தச் சங்கடத்தில் விட வேண்டாம் என்று, பயண முகவரிடம் சொல்லி உன் இடத்தை ரத்துச் செய்துவிட்டேன். அறையில் உனக்கென்று இருந்த கட்டிலுக்கு என் தங்கச்சி ஷாமலா இத்தாலியிலிருந்து வந்து சேர்ந்துகொள்வாள்.

உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்த நீ வராமல், மனையியல் படிப்பித்த நானும் கணக்குப் படிப்பித்த றலியாவும் போகிறோம். நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, கஷ்டமாகவும் இருக்கிறது. நீ கோபிக்கமாட்டாய் என்று நம்புகிறேன். இதை மகன் றெஜினோல்டிடம் கொடுத்து விடுகிறேன்.

உன்
டொரதி


அம்பிட்டிய
04.05.2024

அன்புள்ள டொரதி டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எங்கள் வழக்கங்களை இவ்வளவு கவனமாக நினைவில் வைத்திருப்பதற்கு நன்றி. தம்பி றெஜினோல்ட் படலையில் நின்றபடியே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன், நிற்கவில்லை.

இத்துடன் ஒரு சோடி சப்பாத்து அனுப்புகிறேன். பயணத்துக்கென்று வாங்கியது. நம் இருவருக்கும் கால் அளவு ஒன்றுதானே. அக்ரோபொலிஸ் குன்றில் இருக்கும் கல், ஏறியவர்களின் கால் பட்டுப் பட்டு வழுக்கும். நீங்கள் எப்போதும் போடும் தோல் செருப்போடு போனால் விழுவீர்கள். இதன் அடி றப்பர்.

ஒரு சிறிய உதவி. பார்த்தினன் கோயிலின் படி நேராகத் தெரிந்தாலும் நடுவில் மெல்ல உயர்ந்திருக்கிறது, ஒரு மூலையில் தொப்பியை வைத்துவிட்டு மறு மூலையில் குனிந்து பார்த்தால் தொப்பி தெரியாது என்று ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "டீச்சர் பாத்தீங்களா?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும். நேரம் இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் பரவாயில்லை.

பயணம் சுகமாக அமையட்டும்.

இங்ஙனம்
பத்மாதேவி மயில்வாகனம்


ஏதென்ஸ்
08.05.2024

பத்மா,

"டீச்சர் அவர்களுக்கு" என்று நீ எழுதியதை விமானத்தில் திரும்பத் திரும்ப வாசித்தேன். நன்றாகத் திட்டி எழுதியிருந்தால் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

வந்து இறங்கியதும் போன் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. படங்கள் அனுப்பினேன், நீ திறந்தே பார்க்கவில்லை. அதனால் ஹோட்டல் கடதாசியில் எழுதுகிறேன். தபாலில் போட்டால் நான் ஊருக்கு வந்த பிறகுதான் வரும் என்கிறாள் றலியா. அப்படியானால் கையோடு கொண்டு வருகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். நமக்கு ஈஸ்டர் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது, இவர்களுக்குப் போன ஞாயிறுதான். கடைகளில் சிவப்புச் சாயம் போட்ட முட்டை இன்னும் இருக்கிறது. றலியா, ஹலாலோ என்னவோ என்று எந்தக் கடையிலும் இறைச்சியைத் தொடாமல் பாணும் ஒலிவக்காயும் சாப்பிடுகிறாள். நான் கொண்டுவந்த சீனிச் சம்பல் போத்தல் பாதியாகிவிட்டது. ஷாமலா எந்நேரமும் படம் எடுக்கிறாள். நல்ல பிள்ளை, ஆனால் இரவு விளக்கை அணைத்ததும் பேச்சும் அணைந்துவிடுகிறது. நீ என்றால் அன்று பார்த்ததையெல்லாம் முதலிலிருந்து தொடங்கியிருப்பாய்.

இன்று அக்ரோபொலிஸ் ஏறினோம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய பெரிய தூண்கள். ஒரு பக்கம் இரும்புக் கம்பி கட்டித் திருத்த வேலை நடக்கிறது. வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் மளமளவென்று சொல்லிக்கொண்டு போனாள். றலியா நிழலில் உட்கார்ந்து, "பத்மா இருந்தா இந்தக் கல்லெல்லாம் பேசியிருக்கும் புள்ள. இப்ப சும்மா கல்லாத்தான் கிடக்குது" என்றாள். ஷாமலா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு முன்னால் போன ஒரு பெண் வழுக்கி விழுந்து கையை உரசிக்கொண்டாள். உன் சப்பாத்துப் போட்ட நான் விழவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தொப்பி விஷயம் பார்க்கவில்லை. மறக்கவில்லை, நினைவு இருந்தது. வெயில், ஷாமலாவுக்குப் பசி என்றெல்லாம் எழுத வந்தேன். அதெல்லாம் சாட்டு. பார்த்தால் உன்னிடம் வந்து சொல்ல வேண்டும், உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் இறங்கி வந்துவிட்டேன்.

டொரதி


தெல்பி
11.05.2024

பத்மா,

இன்று மலையேறி வந்திருக்கிறோம். பஸ் வளைந்து வளைந்து ஏறியபோது நான் பிறந்த மடுல்கெல்லவுக்குப் போகிற பாதை மாதிரியே இருந்தது. தேயிலைக்குப் பதில் ஒலிவ மரம், அவ்வளவுதான்.

இங்கிருந்த கோயிலுக்கு அந்தக் காலத்தில் ராஜாக்களும் சாதாரண சனமும் கேள்வி கேட்க வருவார்களாம். கப்பல் ஏறலாமா, கல்யாணம் செய்யலாமா, சண்டைக்குப் போகலாமா என்று கேட்காமல் எதையும் தொடங்கமாட்டார்களாம். உனக்கு இதெல்லாம் மனப்பாடம். வழிகாட்டி சொல்லச் சொல்ல எனக்கு முகம் சுட்டது. அவர்கள் இவ்வளவு தூரம் மலையேறி வந்து கேட்டிருக்கிறார்கள். மஹியாவவிலிருந்து அம்பிட்டியவுக்கு டவுனில் ஒரு பஸ் மாறினால் போதும். நான் வந்து உன்னைக் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று எழுதிவிடுகிறேன். கேட்டால் நீ வருகிறேன் என்று சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். துடக்கு எனக்குக் கிடைத்த சாட்டு. போன வருடம் பொலனறுவையில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நீ விளக்கம் சொல்ல, வான்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான், நினைவிருக்கிறதா? நான் ஏதாவது பிழையாகச் சொன்னால் எல்லோர் முன்னாலும் திருத்துவாய். நான் வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளையாகிவிடுவேன். ஒரே ஒரு தடவை யாரும் திருத்தாமல் என்பாட்டில் பார்த்துவிட்டு வர ஆசைப்பட்டேன். உன் மைத்துனர் காலமானார் என்று றலியா சொன்னபோது என் வாய் "ஐயோ ஆண்டவரே" என்றது. மனதுக்குள் வந்தது நிம்மதி. ஒரு மனிதர் செத்ததற்கு நான் நிம்மதிப்பட்டேன் பத்மா. ஊருக்கு வந்ததும் பாவசங்கீர்த்தனம் செய்வேன், ஃபாதர் மன்னிப்பார். நீ மன்னிப்பாயா என்றுதான் தெரியவில்லை.

இப்போது என்னை யாரும் திருத்துவதில்லை. திருத்துவதற்கு நான் ஏதாவது சொன்னால்தானே. இந்தக் கற்களைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் தெரியவில்லை.

டொரதி


மஹியாவ, கண்டி
18.05.2024

பத்மா,

நேற்று உன் வீட்டுக்கு வந்தேன். மயில்வாகனம் அண்ணன் வாசலுக்கு வந்து, "அவ படுத்திருக்கிறா, எழுப்பட்டோ?" என்றார். குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. உங்கள் இருவரையும் தவிர அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். "வேணாம் அண்ணன், தூங்கட்டும்" என்று சொல்லி, சப்பாத்துப் பையைக் கதிரையில் வைத்துவிட்டு வந்தேன். பாவம், அவருக்குப் பொய் சொல்ல வராது. என் கண்ணைப் பார்க்கவே இல்லை.

சொல்ல வந்ததை எழுதுகிறேன். ஏதென்ஸிலிருந்து ஊருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் ஷாமலா சாமான் வாங்கப் போனாள். நானும் றலியாவும் மறுபடி அந்தக் குன்றில் ஏறினோம். என்னிடம் தொப்பி இல்லை. உன் வலது சப்பாத்தைக் கழற்றி றலியாவிடம் கொடுத்தேன். கட்டியிருந்த கயிற்றுக்கு மேலால் எட்டி, அவள் அதைப் படியின் மூலையில் வைத்தாள். நான் நொண்டி நொண்டி மறு மூலைக்குப் போய், நாடி படியில் படுமளவுக்குக் குனிந்து பார்த்தேன். படி நேராகத்தான் தெரிந்தது. சப்பாத்தைக் காணவில்லை. எழும்பினேன், இருந்தது. குனிந்தேன், இல்லை. அதற்குள் காவல்காரன் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தான். றலியா சப்பாத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எங்கட டீச்சர் சொன்னா தம்பி, அதான் பாக்குறோம்" என்று அவனுக்குத் தமிழில் விளக்கம் கொடுத்தாள்.

நான் அந்த இடத்திலேயே அழுதேன். அந்த மூலையில் குனிந்திருக்க வேண்டியவள் நீ. உன் கண்ணுக்குரியதை என் கண் பார்த்துவிட்டது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

சப்பாத்தைக் கழுவவில்லை, கழுவ மனம் வரவில்லை. அங்கே எழுதிய இரண்டு கடிதங்களையும் இத்தோடு அனுப்புகிறேன். போனில் மன்னிப்புக் கேட்டால் நீ "ஓம், ஓம்" என்று சொல்லி வைத்துவிடுவாய். பதில் போடாவிட்டாலும் வாசி.

டொரதி


அம்பிட்டிய
21.05.2024

டொரதி,

தேங்காய் துருவியது நான்தான்.

கடிதங்கள் எல்லாவற்றையும் வாசித்தேன். தெல்பியிலிருந்து எழுதியதை வாசித்துவிட்டு எழும்பிப்போய் முற்றத்தைக் கூட்டினேன். கூட்டிய முற்றத்தையே மறுபடியும் கூட்டினேன்.

முதலில் துடக்கைப் பற்றிச் சொல்கிறேன். உன் மகன் வருவதற்கு முதல் நாளே ஐயருக்குப் போன் எடுத்துக் கேட்டிருந்தேன். "பூசை நடக்காத கோயில் வெறும் கட்டடம்தானே அம்மா, போயிட்டு வாங்கோ" என்றார். சாமி எழும்பிப்போய் எத்தனையோ நூற்றாண்டாகிவிட்ட இடத்தில் துடக்கு யாரைத் தொடும்? இவரும், "அண்ணர் இருந்தாலும் போ எண்டுதான் சொல்லியிருப்பார்" என்றார். பெட்டி கட்டி முன் அறையில் வைத்திருந்தேன். றெஜினோல்டைப் படலையில் கண்டதும் வான் வரும் நேரம் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

நான் ஒரு போன் எடுத்து "வாறன்" என்று சொல்லியிருக்கலாம். நீ கேட்பாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் பிழை. உன் பிழை அதைவிடப் பெரிது. இதையும் திருத்துகிறாளே என்று நினைக்காதே, திருத்தாமல் விட முடியவில்லை.

பொலனறுவையில் வான்காரன் ஹோர்ன் அடித்தது எனக்கும் கேட்டது. என்னோடு ஊர் பார்ப்பது கஷ்டம் என்று நீ முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் ஒரு கிழமை உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். பிறகு வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன். வாயை மூடுவது கொஞ்சம் சந்தேகம்தான், ஆனால் வந்திருப்பேன். உனக்கு வந்த அந்த நிம்மதி என் நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று இன்றைக்கு எழுதினால் அது பொய். ஆனால் நீ அதை எழுதாமல் மறைத்திருந்தால் நான் இந்தப் பதிலை எழுதியிருக்கமாட்டேன்.

சப்பாத்தைக் கழுவாமல் தந்தது நல்லது. முன் அறையில் கடதாசி விரித்து அதன்மேல் வைத்திருக்கிறேன். அடியில் வெள்ளைத் தூசி அப்படியே இருக்கிறது. "என்னத்துக்கு இது?" என்று இவர் கேட்டார். "இவ்வளவு வருசமும் பிள்ளையளுக்குப் பொய் சொல்லிக் குடுக்கேல்லை எண்டதுக்குச் சாட்சி" என்றேன். சொல்லிவிட்டு நானும் கொஞ்சம் அழுதேன்.

இன்னும் எனக்குத் தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது. நாடி பட்டபோது படி சூடாக இருந்ததா? கல் வெள்ளையா, தேன் நிறமா? எழும்பும்போது சப்பாத்துச் சட்டென்று தெரிந்ததா, மேல் விளிம்பிலிருந்து மெல்ல மெல்லத் தெரிந்ததா? கடிதத்தில் கேட்டால் நீ இரண்டு வரியில் முடித்துவிடுவாய். நேரில் இருத்தித்தான் கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை வெசாக் பெருநாள். பின்னேரமானால் வெளிச்சக்கூடு பார்க்க வருகிற சனத்தில் ஏரிப் பக்கம் பஸ் நகராது, காலையிலேயே வெளிக்கிட்டால் சரி. வெள்ளிக்கிழமை நாங்கள் கொக்குவில் போக வேண்டும். அந்தியேட்டி சனிக்கிழமைதான். ஆகவே நான் இன்னும் துடக்குக்காரி. உங்கள் வீட்டில் இதெல்லாம் பார்ப்பதில்லை என்பது, உன் பக்கத்துக் கதிரையில் இத்தனை வருடம் இருந்த எனக்குத் தெரியாதா? ஆனாலும் நானாக ஒரு முடிவுக்கு வராமல் உன்னைக் கேட்கிறேன்.

வியாழக்கிழமை நான் உன் வீட்டுக்கு வரலாமா?

பத்மா