கீறு வைத்த எழுத்தும் உங்கள் கைத்தொலைபேசியும்

எனக்குப் புத்தகம் வாசித்துக் காட்டிய அப்பாவுக்கு,

நீங்கள் பிரான்சில் கண்மூடி இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. உங்கள் பொருட்களை விடுதி அலுவலகம் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறது. உங்கள் கைத்தொலைபேசியும் அதற்குள்தான். உங்களோடு அறையில் இருந்த தேவன் மாமா போன கிழமை தொலைபேசி எடுத்துச் சொன்னார்: "பிள்ளை, குடும்ப ஆக்கள் இணையத்தில படிவம் நிரப்பி என்ர பேரைக் குடுத்தால்தான் என்னட்டத் தருவினமாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள செய்யாட்டி எறிஞ்சு போடுவாங்கள்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண் தெரியாத எனக்காக, வேலை முடிந்து வந்து பக்கம் பக்கமாக வாசித்துப் பதிந்து அனுப்புவீர்களே. அவை இருந்த அம்மாவின் தொலைபேசி வாய்க்காலில் விழுந்தபோது, "அழாதை குஞ்சு, என்னட்ட எல்லாம் கிடக்கு" என்றீர்கள். இப்போது எங்கே கிடக்கிறது அப்பா?

நீங்கள் இருந்த பிரெஞ்சு ஊரின் பெயரில், தலையில் கீறு வைத்த எழுத்து ஒன்று இருக்கிறது. கீறில்லாமல் நான் அனுப்பிய படிவம் பதிவேட்டோடு பொருந்தவில்லை என்று இரண்டு தரம் தள்ளிவிட்டார்கள். அதை அடிக்கத் தனியான இலக்க விசைகள் வேண்டும். என் மடிக்கணினியில் அவை இல்லை. அதனால் இன்று, வியாழக்கிழமை, பாடசாலை விட்டதும் அம்மாவோடு உருத்திரபுரத்திலிருந்து பரந்தன் சந்திக்குப் போனேன்.

கணினிக் கடையில் என் பென் டிரைவைச் செருகி, அதிலிருக்கும் திரை வாசிக்கும் மென்பொருளைத் திறந்ததும், அதன் குரல் பேசத் தொடங்கியது. கடைக்கார அண்ணா சிரித்தார். "என்ன தங்கச்சி, கொம்பியூட்டருக்குப் பேய் பிடிச்சிட்டுதோ? தன்பாட்டில கதைக்குது!"

"அது அவளின்ர கண், தம்பி. நீர் கொஞ்சம் சத்தம் போடாமல் இரும்" என்றார் அம்மா.

முதலில் வீட்டு இலக்கத்தை அடித்தேன். இலக்கம் விழாமல், குரல் வேறு வேறு வரிகளுக்கு ஓடியது. நிரப்பியதெல்லாம் அழிந்துவிட்டது என்று நினைத்தேன். 'நம் லொக்' விசையை அழுத்த மறந்திருந்தேன். அழுத்தாவிட்டால் இலக்க விசைகள் குரலைத்தான் வரிக்கு வரி நகர்த்தும். பிறகு ஆல்ட் விசையைப் பிடித்தபடி 0233 அடித்தேன். குரல் ஒன்றும் சொல்லவில்லை. அம்புக்குறியால் திரும்ப அதன்மேல் போனேன். அப்போதும் ஒன்றுமில்லை. எழுத்து விழுந்ததா, விழவில்லையா?

நீங்கள் அனுப்பிய பொதியில் உங்கள் கையால் எழுதிய முகவரியை அம்மா வெட்டி வைத்திருந்தார். அதைத் திரையோடு பிடித்துப் பார்க்கச் சொன்னேன்.

"உங்கட அப்பான்ர எழுத்து முழுக்கச் சரிஞ்சுதானே கிடக்கு. இதில எது கீறு, எது எழுத்து எண்டு நான் என்னண்டு சொல்ல?"

சிரித்துக்கொண்டுதான் தொடங்கினார். முடிக்கும்போது அழுதுவிட்டார்.

தமிழ்க் குரலுக்கு அந்த எழுத்தைச் சொல்லத் தெரியாதோ என்று, அதை ஆங்கிலக் குரலாக மாற்றினேன். மறுபடி அம்புக்குறி. "ஈ அக்யூட்" என்றது. கீறு வைத்த ஈ. அப்படியே அனுப்பினேன். வந்த பதிலை மொழிபெயர்த்துக் கேட்டால், 'கிடைத்தது, சரிபார்க்கப்படும்' என்று இருந்தது. முன்பு இரண்டு தரமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் தள்ளினார்கள்.

இன்னொரு பயம் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. பேருந்தில் வரும்போது, நீங்கள் கடைசியாக வாசித்த பக்கத்தை மனதுக்குள் ஓடவிட்டேன். சொற்கள் வந்தன. ஆனால் அவற்றைச் சொன்னது கணினியின் குரல். "குஞ்சு, கேக்குதோ?" என்று நீங்கள் தொடங்குவதையும் அதுதான் சொன்னது. ஒரு குரல் மறந்துபோக எத்தனை நாள் எடுக்கும் அப்பா?

நாளை பின்னேரம் தேவன் மாமா தொலைபேசி எடுப்பார். "நீயே கதை, எனக்கு ஏலாது" என்று அம்மா தொலைபேசியை என் பக்கம் தள்ளிவிட்டார். நான்தான் கதைப்பேன். என்ன செய்தி வந்தாலும் மறைக்காமல் அம்மாவுக்குச் சொல்வேன். இல்லை என்று சொன்னால், பெட்டியை எங்கே போட்டார்கள் என்று கேட்டு மறுபடி எழுதுவேன், பதில் வரும்வரை எழுதுவேன். உங்கள் ஊரின் பெயரை இப்போது எனக்குச் சரியாக அடிக்கத் தெரியும்.

பயந்துகொண்டே இருக்கும்,
உங்கள் ஒரே மகள்
துளசி