பேக்குக்கு ஜாகா என் மகள்

15 ஏப்ரல் 2025, செவ்வாய்

வேனுக்குப் பின் டயர் மாற்றியாச்சு. மதியம் பள்ளிப் பிள்ளைகளைப் புந்தோங்கில் இறக்கிவிட்டு, மகள் வலேரியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். பள்ளிக்கு வந்து எடை பார்த்த நர்ஸ்தான் கட்டாயம் போகச் சொல்லியிருந்தார்.

டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரி. நல்லவிதமாகத்தான் பேசினாள். சீனி வியாதி இன்னும் வரவில்லையாம், இப்படியே போனால் சீக்கிரமே வந்துவிடுமாம். பதினோரு வயசுக்கு! சிரப், மைலோ, பொரித்தது எல்லாம் குறைக்கணும். அதைவிட முக்கியம், வேர்க்க வேர்க்க ஓடி விளையாடணும். "பள்ளியில் உடற்கல்வி இருக்குமே, நன்றாக ஓடுகிறாளா?" என்று கேட்டாள். வாராவாரம் இருக்கு டாக்டர் என்றேன். வலேரி குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் கால்வினின் அக்காவுக்குச் சீனியில்தான் காலை எடுத்தார்கள். அதை நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

16 ஏப்ரல், புதன்

இந்தக் கோபம் எழுதித்தான் ஆறணும்.

இன்றைக்குச் சாலையில் ஜேம் இல்லை. பள்ளிக்குச் சீக்கிரமே போய்விட்டேன். திடலில் ஐந்தாம் வகுப்புக்கு உடற்கல்வி. கடைசிப் பாடம் என்பதால் பிள்ளைகள் பேக்கோடு திடலுக்கு வந்துவிடுவார்கள், அப்படியே வீட்டுக்குப் போகலாம் என்று. எல்லாப் பிள்ளையும் ஓடுது. என் பிள்ளை மட்டும் மரத்தடியில், பேக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கா. மடியில் யாருடையதோ தண்ணி போத்தல்.

வேனில் ஏறியதும் கேட்டேன். "பேக்கு ஜாகா பண்றேன்மா, மலைக் குரங்கு தூக்கிடாம காவல். மகேந்திரன் சார் சொன்னாரு."

இன்னைக்கு மட்டுமா?

"நாலாம் வகுப்புலேர்ந்து நான்தான். நான் ஓடினா லேட்டாவுதாம், மத்தவங்க பிராக்டிஸ் கெட்டுப்போவுதாம்."

நாலாம் வகுப்புலேர்ந்து! அடப்பாவி. ஓட வேண்டிய பிள்ளையை உட்கார வைத்து, ஏற்கெனவே ஓடுகிற பிள்ளையை ஓட வைக்கிறதுக்கு எதுக்கு ஒரு வாத்தியார்?

17 ஏப்ரல், வியாழன்

பள்ளி கேட்டில் பிடித்தேன் மகேந்திரனை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

"வலேரி நல்ல பிள்ளைக்கா, பொறுப்பானவ. அவள ஓடவிட்டு, மூச்சு வாங்கி விழுந்துட்டா நான்தானே பதில் சொல்லணும்? வட்டாரப் பள்ளிங்க எல்லாம் ஓடுற சோன் போட்டி வருது. ரிலேயில கப்பு அடிச்சாத்தான் நம்ம தமிழ்ப்பள்ளிக்குப் பேரு."

சரி சார், என் பிள்ளைக்கு என்ன வழி என்றேன். சிரித்தார். "நீங்க வீட்டுல சோத்தக் கொறைங்கக்கா."

பக்கத்தில் நின்ற கேண்டீன்காரியும் சிரித்தாள். நானும் இளித்துக்கொண்டு வந்தேன். அதுதான் வயிற்றெரிச்சல். அங்கேயே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் என்னத்துக்கு இளிச்சேன்?

உன்னை விடமாட்டேன்டா மகேந்திரா.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

பகைவரை மன்னிக்கச் சொன்னார் பாதர். சிலுவையில் உதடு வைத்து முத்தி செய்ய வரிசையில் நிற்கும்போதுகூட, அந்த ஆள் கப்பை இழந்து தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைத்தான் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் என்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

26 ஏப்ரல், சனி

கால்வின் தஞ்சோங் மாலிமிலிருந்து வந்திருக்கிறார். கார் தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்த களைப்பு. எல்லாம் கேட்டுவிட்டு, "தலைமையாசிரியை கிட்ட சொல்லுலா" என்றார். சொல்லாமலா இருப்பேன்? போன வாரமே போனேன். போட்டி முடியட்டும்மா, பார்க்கலாம் என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

இந்த வீட்டில் கோபப்படுகிற வேலையும் என் தலையில்தான்.

5 மே, திங்கள்

ஐயோ, சிரிப்பு வருது.

மகேந்திரனே என் வேன் கதவண்டை வந்து நிற்கிறார். பள்ளிக்கு பஸ் கிடைக்கவில்லையாம். போட்டி அன்றைக்கு ரிலே ஓடுகிற நாலு பையன்களையும் நான் ஸ்டேடியத்துக்குக் கொண்டுவந்து விடணுமாம். "நீங்கன்னா டைம் தப்பாதுக்கா."

தாராளமா சார் என்றேன். தேன் ஒழுகச் சொன்னேன்.

டைம் தப்பினால்?

16 மே, வெள்ளி

ஆசிரியர் தினம். வலேரி எல்லா ஆசிரியருக்கும் அட்டை செய்தாள், மகேந்திரனுக்கும். "அவருக்கு எதுக்குடி?" என்றேன். "விட்டா பாவம்லாம்மா." அதில் ஒரு ஓடுகிற ஆள் படம். அந்தக் கால்களை அழித்து அழித்து வரைந்திருந்தாள். எனக்கு அட்டையைக் கிழித்துப்போடலாம் போல இருந்தது.

நாளைக்குப் போட்டியில் இருக்கு சாருக்கு.

17 மே, சனி

செய்தேன்.

பையன்கள் ஏறினார்கள். பவித்ரன்தான் கடைசி ஓட்டக்காரன், எங்கள் தெருப் பிள்ளை, தினமும் போல எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வீட்டில் ஆள் இல்லாததால் வலேரியும் பின்னால் இருந்தாள். ஸ்டேடியத்துக்கு முந்திய பெரிய சிக்னலுக்கு இந்தப் பக்கமே வேனை ஓரம்கட்டி, எஞ்சினை நிறுத்தினேன். "ரேடியேட்டர் சூடாயிருச்சு பிள்ளைங்களா. தண்ணி ஊத்தி ஆறணும்." இறங்கி பானட்டைத் தூக்கிவைத்து, முகத்தைத் தொங்கப்போட்டு நின்றேன். வேஷம் நன்றாகவே வந்தது.

மகேந்திரன் போன் மேல் போன். நான் எடுக்கவில்லை. ஒவ்வொரு மணியும் பாட்டு மாதிரி இருந்தது.

நாலு பையன்களும் தண்ணி போத்தலும் கையுமாக என்னைச் சுற்றி நின்றார்கள், வலேரியும் நின்றாள். "ஆண்ட்டி, இங்கேர்ந்து எவ்ளோ தூரம்?" என்றான் பவித்ரன். பக்கம்தான்டா, பாலம் தாண்டினா வந்துரும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப ஓடிருவோம்டா!" அவ்வளவுதான், நாலும் வெயிலில் பறந்தது.

அவர்கள் பின்னாலேயே வலேரி. யாரும் கூப்பிடவில்லை. சட்டை மேலேற, ஒரு கையால் இழுத்துவிட்டுக்கொண்டே ஓடினாள். பாலத்தில் நின்று மூச்சு வாங்கினாள். மறுபடி ஓடினாள். என் பிள்ளை ஓடி நான் பார்த்ததே இல்லை. சாலையோரம் நின்று அழுதேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நான் வேனோடு போய்ப் பார்த்தால், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் காலில் தெம்பில்லை. கடைசிக்கு முந்தின இடம். மகேந்திரன் புல்லில் தலையில் கை வைத்து உட்கார்ந்தார், நான் நினைத்துப் பார்த்த அதே மாதிரி. இனிச்சது. பொய் சொல்லமாட்டேன், இனிச்சது.

அப்புறம் எழுந்து பையன்களிடம் போனார். "தண்டம்! சோத்துக்குக் கேடு!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். பவித்ரன் சுவரோரம் போய் வாந்தி எடுத்துவிட்டு, அங்கேயே முகத்தை மூடி அழுதான். என்னிடம் வந்து, "வேன் ரோசாக் ஆகி வழியில நின்னுட்டா நீங்க என்னக்கா பண்ணுவீங்க" என்கிறார் அந்த ஆள். என்னிடம் மட்டும் மரியாதை!

18 மே, ஞாயிறு

நற்கருணை வாங்கப் போகவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கோயில் முடிந்து வேனில் வலேரி சொன்னாள். "நான் எஞ்சின் மேல கைய வச்சுப் பாத்தேன்மா. சூடே இல்ல."

சாவியைத் திருகாமல் இருந்தேன்.

"சாருக்குப் பண்ணணும்னா சாருக்குப் பண்ணுங்க. பவித்ரனுக்கு ஏன் பண்ணீங்க?"

அவளுக்காகத்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லியிருந்தால் அதைவிடக் கேவலம் இல்லை. சாவியைத் திருகி வேனை எடுத்தேன்.

மகேந்திரன் மேல் கோபம் மட்டும் ஒரு துளி குறையல. அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்றுதான் தெரியல.

20 மே, செவ்வாய்

பவித்ரன் இப்போது முன் சீட்டில் உட்காருவதில்லை. அவனுக்கு ஏதும் தெரியாது. அவனாகவே பின்னால் போய்விட்டான். வலேரி அவனுக்குப் பக்கத்தில்.

28 மே, புதன்

நாளையிலிருந்து பள்ளி விடுமுறை. திடலை எட்டிப் பார்த்தேன். மரத்தடி, பேக், என் மகள். போட்டி முடிந்தும் அதே. தலைமையாசிரியை என்னைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

18 ஜூன், புதன்

ஆசிரியர் அறைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார் மகேந்திரன். போனேன். ஆள் முகம் சிவந்து நிற்கிறார். மேசை மேல் கிழிந்த பேக்குகள், சேறு பிடித்த புத்தகங்கள்.

"உங்க மகள நம்பித்தானே பேக்க விட்டேன்கா! மலையிலேர்ந்து குரங்கு இறங்கி அத்தனை பேக்கையும் கிழிச்சிருக்கு! என் பேக்கையும்! நான் கடையில தப்பாவ் பண்ணிக் கட்டிட்டு வந்த ரொட்டி சானாய், விசிலு, எல்லாம் போச்சு!"

வலேரி எங்கே போனாள் என்றேன்.

"எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சிட்டா! திடலைச் சுத்தி! கத்துறேன், திரும்பியே பாக்கல. அப்புறம் பவித்ரன் அவகூடச் சேந்துக்கிட்டான், மத்ததுங்களும் பின்னாடியே. ஒருத்தன்கூட நான் சொல்றதக் கேக்கல!"

மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருந்தார். நான் இந்த முறை இளிக்கவில்லை.

"எத்தனை சுத்து ஓடினா சார்?"

"அதெல்லாம் யாருக்கா எண்ணினா?"

"அடுத்த வாரத்துலேர்ந்து எண்ணுங்க. அதுதானே உங்க வேலை" என்றேன்.

வேனில் வலேரி என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். தலையெல்லாம் நனைந்து, வேர்வை நாற்றம் தாங்கல. ஜன்னலைத் திறக்க மனசு வரவில்லை. வீடு வரைக்கும் அப்படியே ஓட்டினேன்.