பரணில் போட்ட ஊன்றுகோல்

அன்புள்ள அப்பாவுக்கு, புனேயிலிருந்து இளமாறன். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அம்மா கால் எப்படி இருக்கிறது?

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான முட்டி ஆபரேஷன் பண்ணிக்கினோம்? நான் கச்சிராயபாளையம் வரைக்கும் நடந்துகினு வரேன், இவ நடிக்கிறா" என்று அவள் ஊன்றுகோலைப் பரணில் போட்டீர்களாம். தங்கை மணிமொழி சொன்னாள்.

பயப்படாதீர்கள், பங்குனியில் எனக்கும் முட்டியில் சின்ன ஆபரேஷன். அதே நாளில் எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்திக்கும் நடந்தது. என்னைவிட அவள்தான் அதிகம் பயிற்சி செய்தாள். மூன்றாம் மாதம் மெஷினில் அளந்தேன். என் தொடையில் முக்கால் பலம் திரும்பியிருந்தது, அவளுக்குப் பாதிதான். பெண்களுக்குத் தொடைத்தசை பெரும்பாலும் தாமதமாகத்தான் தேறும். பிசியோதெரபி படித்தவன் சொல்கிறேன், அம்மா நடிக்கவில்லை. உங்களுக்குத்தான் அறிவில்லை. அவள் விழுந்து இடுப்பு உடைந்தால், படுக்கையில் கழுவிவிடப் போவது நீங்கள்தான்.

கோலை இன்றே இறக்குங்கள். தினமும் காலை ஆறு மணிக்குப் போன் செய்வேன். அம்மாவும் நானும் சேர்ந்து காலைத் தூக்கிப் பயிற்சி செய்வோம். எனக்கும் இங்கே எண்ணிச் சொல்ல ஆளில்லை. நீங்கள் பத்து வரை எண்ணுங்கள். அந்நேரத்தில் உங்களுக்கு வேறு வேலை இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

இளமாறன்